தொலைவில் இருப்பவர்கள் கூடி யோசிப்பது எப்படி?

நம் சங்கத்தின் செயற்குழு கூடினால் என்ன நடக்கும் என்பது உறுப்பினர்கள் அனைவரும் அறிந்ததே. பொங்கல் விழாவுக்கு மேடையை எப்படி அமைக்கலாம் என்று தலைவர் கேட்பார். இருவர் பேசுவார்கள். மூன்றாமவர் மறுப்பார். மற்றவர்கள் சுண்டலையும் காப்பியையும் முடித்துக்கொண்டு, "போன வருஷம் மாதிரியே இருக்கட்டும்" என்று எழுந்துவிடுவார்கள். கூட்டம் கலைந்து மாடிப்படி இறங்கும்போதுதான், அதுவரை வாய் திறக்காத ஒருவர் நம் அருகே வந்து அருமையான யோசனை ஒன்றைச் சொல்வார். "இதை உள்ளேயே சொல்லியிருக்கலாமே!" என்போம். "எங்கே சார் பேச விட்டாங்க?" என்பார்.

ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போதே இந்த நிலை என்றால், ஆறு பேர் ஆறு ஊர்களில் ஆளுக்கொரு கணினித் திரையின் முன் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? அங்கே மாடிப்படியும் கிடையாது. சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் எல்லோரும் மறைந்துவிடுகிறார்கள். படியிறங்கும்போது கிடைக்கவேண்டிய யோசனை யாருக்கும் கிடைக்காமலே போகிறது.

2020 மார்ச் மாத ஊரடங்குக்குப் பிறகு, நம்மவர் வீடுகள் பலவற்றில் ஓர் அறை அலுவலகமாகவே மாறிவிட்டது. மகன் பெங்களூர்க் குழுவோடும், மருமகள் சிங்கப்பூர்க் குழுவோடும் வீட்டிலிருந்தபடியே பேசி வேலை செய்கிறார்கள். இவ்வாறு சிதறியிருக்கும் குழுவினர் ஒரு பொருளை வடிவமைக்க ஒன்றுகூடி யோசிப்பது எப்படி என்பதே இந்தப் பாடம். பொருள் வடிவமைப்புத் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையிலும், இதில் ஒருமுறை நன்றாகத் தோற்றவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தோல்வி

2021 ஆம் ஆண்டு. எங்கள் குழுவில் ஆறு பேர். நான் புனேயில் இருந்தேன். மற்றவர்கள் நொய்டா, கொல்கத்தா, பெங்களூர், நாக்பூர், திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம் என்று பரவியிருந்தார்கள். தனியாக வாழும் முதியவர்கள் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட உதவும் ஒரு பொருளை வடிவமைக்கவேண்டும் என்பது எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

வீடியோ கூட்டம் ஒன்றைக் கூட்டினேன். "யாருக்கு என்ன தோன்றுகிறதோ சொல்லுங்கள்" என்றேன். நொய்டா நண்பர் உடனே கைப்பேசிச் செயலி ஒன்றை விவரித்தார். பெங்களூர் நண்பர் அதில் அலாரம் சேர்த்தார். நான் அதற்கு வண்ணம் சேர்த்தேன். மற்ற மூவரும் தலையை ஆட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. எவ்வளவு ஒற்றுமையான குழு என்று எனக்கு மகிழ்ச்சி வேறு!

மூன்று வாரம் உழைத்து ஒரு மாதிரியைச் செய்தோம். தஞ்சாவூர் மாவட்டத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவிடம் அதைக் காட்டச் செய்தேன். அம்மாவிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன். உறவுக்காரப் பையன் தன் போனில் காட்டினான். பார்த்துவிட்டு அம்மா தொலைபேசியில் சொன்னார்: "மாத்திரை சாப்பிட மறந்துபோறது எனக்குப் பிரச்சினை இல்லேடா. சாப்பிட்டேனா இல்லையாங்கறதுதான் ஞாபகம் இருக்க மாட்டேங்குது. சந்தேகத்துல ரெண்டாவது தடவை போட்டுக்கப் பயமா இருக்கு."

மூன்று வார உழைப்பும் தவறான கேள்விக்கு விடையாகிவிட்டது.

அன்று மாலை, கூட்டத்தில் தலையாட்டிய திருநெல்வேலிப் பெண்ணை அழைத்துத் தமிழில் பேசினேன். வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதம் ஆனவர். "உங்களுக்கு அன்றைக்கு வேறு ஏதாவது தோன்றியதா அம்மா?" என்று கேட்டேன். சிறிது தயங்கிவிட்டு, "எங்க பாட்டி தினமும் காலையில எழுந்ததும் காலண்டர் தாளைக் கிழிப்பாங்க சார். ஒரு நாளும் மறக்க மாட்டாங்க. அந்தத் தாளுக்குப் பின்னாடி அன்னைக்கான மாத்திரை இருந்தா, தாள் கிழிஞ்சிருக்கா, மாத்திரை இருக்கான்னு பார்த்தாலே போதும்னு தோணிச்சு" என்றார்.

நான் திகைத்துப்போனேன். "இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்றேன். "தினசரி காலண்டரை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன் சார். அதுக்குள்ள அடுத்த விஷயத்துக்குப் போயிட்டீங்க."

குற்றம் அந்தப் பெண்ணுடையது அல்ல. கூட்டத்தை நடத்தத் தெரியாத என்னுடையது. வேற்று மாநிலத்தில் வாழும் நம்மில் பலர், அலுவலகத்தில் முதல் ஆண்டு முழுவதும் இப்படித்தான் சொல் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்பதை நான் மறந்துவிட்டிருந்தேன். அதன் பிறகே, இது பற்றி ஆராய்ந்தவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

கூடி யோசித்தல்: சிறு வரலாறு

பலர் கூடி யோசனைகளைத் திரட்டும் முறைக்கு 'பிரெயின்ஸ்டார்மிங்' என்று பெயர் தந்து பரப்பியவர், அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன். 1953 இல் வெளிவந்த 'அப்ளைடு இமாஜினேஷன்' என்ற அவருடைய நூல் பெரும் புகழ் பெற்றது. அவர் வகுத்த விதிகள் நான்கு. பிறர் யோசனையை அப்போதே குறை சொல்லாதே. எவ்வளவு விசித்திரமாகத் தோன்றினாலும் சொல். தரத்தைவிட எண்ணிக்கைக்கு முதலிடம் கொடு. ஒருவர் சொன்னதன்மேல் மற்றவர் கட்டி எழுப்பு. இந்த நான்கும் இன்றைக்கும் பயன்படுகின்றன.

ஆனால், பேசிக்கொண்டே யோசிப்பதில் ஒரு குறை இருப்பது விரைவிலேயே தெரியவந்தது. 1958 இல் யேல் பல்கலைக்கழகத்தில் டொனால்டு டெய்லரும் அவருடன் பணியாற்றிய இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். நால்வர் கூடிப் பேசி யோசித்த குழுக்களை ஒருபுறமும், நால்வர் தனித்தனியே யோசித்து எழுதியவற்றின் தொகுப்பை மறுபுறமும் வைத்து ஒப்பிட்டார்கள். தனித்தனியே எழுதியவர்களிடமிருந்து கிடைத்த யோசனைகள் ஏறக்குறைய இரு மடங்கு!

காரணம் என்ன? 1987 இல் மைக்கேல் டீல், வோல்ஃப்காங் ஸ்ட்ரோபெ என்ற இரு ஆய்வாளர்கள் இதை நுணுகிப் பார்த்தார்கள். பிறர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்ற மெத்தனம், தன் முறைக்காகக் காத்திருத்தல் ஆகிய மூன்றையும் சோதித்தார்கள். மூன்றிலும் பெரிய தடை காத்திருத்தல்தான் என்று கண்டார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தானே பேசமுடியும்? காத்திருப்பவர் தன் யோசனையை மறக்காமல் பிடித்துக்கொள்வதிலேயே இருப்பார், புதிதாக யோசிக்கமாட்டார். சிறிது நேரத்தில் அதையும் விட்டுவிடுவார்.

இதற்கு மாற்று, பேசாமல் எழுதுவது. ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ட் ரோர்பாக் 1968 இல் '6-3-5' என்ற முறையை வெளியிட்டார். 6 பேர் உட்காரவேண்டும். ஒவ்வொருவரும் 5 நிமிடத்தில் 3 யோசனைகளைத் தாளில் எழுதி அடுத்தவரிடம் தரவேண்டும். அவர் அதைப் படித்துவிட்டு, அதன் கீழ் மேலும் 3 எழுதவேண்டும். ஆறு சுற்று முடிந்தால் 30 நிமிடத்தில் 108 யோசனைகள் கைக்கு வந்துவிடும். ஒருவரும் வாய் திறக்கவேண்டியதில்லை.

குவிந்த யோசனைகளைத் தொகுப்பதற்கு ஜப்பானியர் ஒருவர் வழி காட்டினார். நேபாளத்தில் மக்கள் வாழ்வை ஆராய்ந்த ஜிரோ கவாகிடா, தாம் கண்டதையெல்லாம் தனித்தனி அட்டைகளில் எழுதி, ஒன்றோடொன்று உறவுடைய அட்டைகளைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து, கடைசியில் அவற்றுக்குத் தலைப்பு இட்டார். முதலிலேயே தலைப்பைப் போட்டுவிட்டு அதன்கீழ் அட்டைகளைத் திணிக்கக்கூடாது என்பது அவர் முறையின் உயிர்நாடி. அவர் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு அது 'கே.ஜே. முறை' எனப்படுகிறது.

தொலைவு செய்யும் மாற்றம்

ஒரே அறையில் உள்ள இந்தத் தடைகள் திரையில் இன்னும் பெரிதாகின்றன. வீடியோ கூட்டத்தில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் பேச்சும் புரிவதில்லை. "நீங்க சொல்லுங்க", "இல்லை, நீங்களே சொல்லுங்க" என்று இரண்டு முறை ஆனதும் ஒருவர் அடங்கிவிடுகிறார். பேச வாயெடுப்பவரின் சிறு அசைவு திரையில் தெரிவதும் இல்லை.

இதற்கும் மேலாக ஒன்று உண்டு. 2022 இல் 'நேச்சர்' ஆய்விதழில் மெலனி பிரக்ஸ், ஜோனதன் லெவவ் ஆகிய இருவரின் ஆய்வு வெளிவந்தது. ஆய்வுக்கூடத்தில் 602 பேரை இருவர் இருவராகப் பிரித்தார்கள். சில இணைகள் ஒரே அறையிலும், சில இணைகள் வீடியோ வழியாகவும் யோசித்தன. எளிய பொருள் ஒன்றைக் கொடுத்து, அதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டார்கள். ஒரே அறையில் இருந்தவர்கள் கூடுதலாகவும் புதுமையாகவும் யோசனைகள் தந்தார்கள். தெற்காசியா உட்பட மூன்று பகுதிகளில், ஐந்து நாடுகளில் பணிபுரிந்த 1,490 பொறியாளர்களிடமும் இதே போக்கு காணப்பட்டது.

அவர்கள் கண்ட காரணம் சுவையானது. ஒரே அறையில் இருப்பவர்களின் கண் அங்குமிங்கும் உலவுகிறது. வீடியோவில் பேசுபவர்களின் கண் திரையிலேயே ஒட்டிக்கொள்கிறது. பார்வை குறுகும்போது சிந்தனையும் குறுகுகிறது. ஆனால், கிடைத்த யோசனைகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில் வீடியோ இணைகள் சற்றும் பின்தங்கவில்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் மிகத் தெளிவானது. யோசிப்பதைத் திரைக்கு வெளியே செய்யவேண்டும். தேர்ந்தெடுப்பதைத் திரையில் வைத்துக்கொள்ளலாம். இனிச் சொல்லப்போகும் முறை முழுவதும் இந்த அடிப்படையில் அமைந்ததே.

கூட்டத்துக்கு முன் ஐந்து ஏற்பாடுகள்

1. கேள்வி: பாதி வெற்றி கேள்வியில் இருக்கிறது. "முதியவர்களுக்கு மருந்துப் பெட்டி செய்வது எப்படி?" என்று கேட்டால், விடை பெட்டிதான் என்று நாமே முடிவு செய்துவிட்டோம். "முதியவர்களின் உடல்நலத்தைப் பேணுவது எப்படி?" என்பதோ கடல். எங்கள் இரண்டாவது கூட்டத்துக்கு நான் எழுதிய கேள்வி இது: "தனியாக வசிக்கும், எழுபது வயதைக் கடந்த ஒருவர், காலை மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டோமா என்பதைச் சந்தேகமில்லாமல் அறிந்துகொள்ள நாம் என்ன செய்யலாம்?" இதில் ஆள் உண்டு, சங்கடம் உண்டு, விடை மட்டும் இல்லை. நல்ல கேள்விக்கு இதுவே அடையாளம்.

2. ஆட்கள்: ஐந்திலிருந்து ஏழு பேர் போதும். அதற்குமேல் ஆனால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். அந்தப் பொருளைப் பயன்படுத்தப்போகிறவர்களை நேரில் அறிந்த ஒருவராவது இருக்கவேண்டும்.

3. நேரம்: 90 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நாட்டுக்குள் ஒரே நேரம் என்பதால் நமக்குத் தொல்லை இல்லை. வெளிநாட்டார் இருந்தால் கணக்கு வேண்டும். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். நியூயார்க் கோடையில் ஒன்பதரை மணியும், குளிர்காலத்தில் பத்தரை மணியும் பின்னால். அங்கே மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள் என்பதை மறந்து கூட்டத்தைத் தவறவிட்டவர்கள் நம்மில் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே ஊர்க்காரரை நள்ளிரவில் உட்காரவைப்பதும் நியாயமல்ல. முறை வைத்து மாற்றிக்கொள்ளவேண்டும்.

4. பலகை: எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டு ஒட்டக்கூடிய 'மிரோ' போன்ற இணையப் பலகைகள் இருக்கின்றன. பழக்கமில்லாதவர்கள் இருந்தால் கூகுள் ஆவணத்தில் ஒரு அட்டவணை போதும். அதுவும் வேண்டாம் என்றால், வெள்ளைத் தாளில் எழுதிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். எதுவானாலும் முதல் நாளே ஒருமுறை திறந்து பார்த்துவிடச் சொல்லுங்கள். இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே சொல்லிவையுங்கள்.

5. வீட்டுப்பாடம்: இரண்டு நாள் முன்னதாகக் கேள்வியை அனுப்பி, ஒவ்வொருவரும் மூன்று யோசனைகளை எழுதி நடத்துபவருக்கு மட்டும் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். எந்த மொழியிலும் எழுதலாம், படமாகவும் வரையலாம். மாடிப்படியில் கிடைக்கும் யோசனை, கூட்டத்துக்கு முன்பே நம் கைக்கு வர இதுதான் வழி. நான் என் அம்மாவின் அனுமதியோடு, அவர் தன் மாத்திரைகளைப் பற்றிப் பேசும் மூன்று நிமிட ஒலிப்பதிவையும், அதன் மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்பினேன்.

நடத்துபவருக்குத் துணையாக நேரம் பார்க்க ஒருவரும், குறிப்பெடுக்க ஒருவரும் தேவை. மூன்றையும் ஒருவரே சுமந்தால் மூன்றும் கெடும்.

90 நிமிடங்கள்: எங்கள் இரண்டாவது கூட்டம்

முதல் 10 நிமிடம்: நலம் விசாரிப்பு. பிறகு ஒவ்வொருவரும் தம் வீட்டில் மறக்காமல் தினமும் செய்யப்படும் ஒரு காரியத்தைச் சொன்னார்கள். விளக்கேற்றுவது, பால் பாத்திரம் வெளியே வைப்பது, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது என்று வந்தது. கூட்டம் தொடங்கிய முதல் பத்து நிமிடத்திற்குள் ஒருமுறை வாய் திறந்தவர், பிறகு பேசத் தயங்குவதில்லை என்பது என் அனுபவம்.

அடுத்த 10 நிமிடம்: கேள்வியை உரக்கப் படித்தேன். அம்மாவின் ஒலிப்பதிவை மறுபடியும் கேட்டோம். கேட்கும்போது மனத்தில் தைத்த சொற்களை மட்டும் ஒவ்வொருவரும் குறித்துக்கொண்டார்கள். "பயமா இருக்கு" என்ற சொல்லை ஐந்து பேர் குறித்திருந்தார்கள்.

8 நிமிடம் மௌனம்: கேமராவையும் ஒலியையும் அணைத்துவிட்டு, திரையிலிருந்து எழுந்துபோய்த் தாளில் எழுதச் சொன்னேன். வீட்டுக்குள் நடக்கலாம், சமையலறையை எட்டிப் பார்க்கலாம். ஆளுக்கு ஆறு யோசனைகளாவது எழுதவேண்டும். முதல் மூன்று எல்லோருக்கும் தோன்றுபவை. நான்காவதிலிருந்துதான் யோசிக்கவே தொடங்குகிறோம்.

15 நிமிடம் தொகுப்பு: சீட்டுகளைப் பலகையில் பெயரில்லாமல் ஒட்டினோம். வீட்டுப்பாடமாக வந்தவற்றையும் சேர்த்து நாற்பதுக்கு மேல் இருந்தன. நான் ஒவ்வொன்றையும் படித்தேன். ஒத்தவற்றை அருகருகே நகர்த்தி, கடைசியில் தலைப்பிட்டோம். 'கண்ணால் பார்த்தே தெரிவது', 'கையால் தடவித் தெரிவது', 'இருக்கும் பழக்கத்தோடு கட்டுவது', 'பக்கத்து வீட்டார் உதவி', 'பிள்ளைகளுக்குத் தகவல்' என்று ஐந்து தலைப்புகள் வந்தன. செயலி பற்றிய சீட்டுகள் மொத்தம் நான்குதான்.

5 நிமிடம் இடைவேளை: இதை ஒருபோதும் வெட்டாதீர்கள்.

8 நிமிடம் படம்: ஒரு தாளை மூன்று முறை மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். நிமிடத்துக்கு ஒரு கட்டமாக எட்டு விதத்தில் வரையவேண்டும். ஜேக் நாப் என்பவர் 2016 இல் வெளியிட்ட 'ஸ்பிரின்ட்' என்ற நூலில் விளக்கப்படும் பயிற்சி இது. அழகாக வரையவேண்டியதில்லை; கோலப்புள்ளி வைக்கத் தெரிந்தால் போதும். வரைந்ததைப் படமெடுத்து அனுப்பினார்கள்.

12 நிமிடம் விளக்கம்: ஆளுக்கு 2 நிமிடம். இளையவர் முதலில், நான் கடைசியில். தலைவர் முதலில் பேசினால் மற்றவர்களின் விளக்கமெல்லாம் அவருடைய கருத்துக்கு உரையாகிவிடும். திருநெல்வேலிப் பெண் தன் காலண்டரை வரைந்து காட்டித் தமிழிலேயே விளக்கினார், நான் மொழிபெயர்த்தேன். கொல்கத்தா நண்பர், "எங்கள் வீட்டுச் சுவரிலும் பஞ்சாங்கம் உண்டு" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

5 நிமிடம் வாக்கு: ஆளுக்கு மூன்று வாக்குகள். ஒருவர் வாக்கு மற்றவருக்குத் தெரியாதபடி எனக்குத் தனியாக அனுப்பினார்கள். வெளிப்படையாக வாக்களித்தால் மூத்தவர் விரல் நீட்டும் பக்கமே எல்லா விரல்களும் நீளும்.

10 நிமிடம் முடிவு: அதிக வாக்கு பெற்ற இரண்டை எடுத்து, "இதை நம்ப என்னென்ன உண்மையாக இருக்கவேண்டும்?" என்று கேட்டோம். குறை சொல்வதற்கு உரிய நேரம் இதுதான். காலண்டருக்கு நாக்பூர் நண்பர் நல்ல கேள்விகள் எழுப்பினார். மதிய, இரவு மாத்திரைகளுக்கு என்ன செய்வது? யார் நிரப்புவது? அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரித்து வைக்கலாமா? கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. ஈரக்காற்று பட்டால் கெடும் மாத்திரைகள் உண்டு. அட்டையைத் துண்டு போட்டால் பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும். எந்த மாத்திரையைப் பிரிக்கலாம் என்பதை மருந்தாளுநரிடம் கேட்டே செய்யவேண்டும் என்று குறித்துக்கொண்டோம்.

கடைசி 7 நிமிடம்: யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று மூன்று வரி எழுதிப் படித்துக் காட்டிக் கலைந்தோம்.

கூட்டத்துக்குப் பின்

24 மணி நேரத்துக்குள் ஒரு பக்கக் குறிப்பு எல்லோருக்கும் போகவேண்டும். கேள்வி, எடுத்த முடிவு, காரணம், அடுத்த வேலை ஆகியவற்றோடு, கைவிட்ட யோசனைகளையும் அவற்றை ஏன் கைவிட்டோம் என்பதையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே விவாதம் மறுபடியும் எழும். அப்போது இந்தக் குறிப்பு கைகொடுக்கும். கூட்டத்தில் சொல்ல முடியாமல் போனதை எழுதி அனுப்ப மேலும் இரண்டு நாள் அவகாசம் தாருங்கள். மாடிப்படிக்கு ஈடாக நாம் தரக்கூடியது அதுதான்.

பிறகு, செலவில்லாத மாதிரி ஒன்றைச் செய்து, பயன்படுத்தப்போகிறவரிடம் உடனே கொடுத்துவிடவேண்டும். பழைய தினசரி காலண்டர், தபால் உறை, பசை ஆகியவற்றைக் கொண்டே முதல் மாதிரியைச் செய்தோம். என் அம்மா உட்பட ஐந்து முதியவர்கள் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தார்கள். முதல் வாரத்திலேயே பல உண்மைகள் வெளிவந்தன. ஒரு பாட்டி, கல்யாணத்துக்கு வெளியூர் போனபோது காலண்டரைச் சுவரோடு விட்டுப் போனார். ஆகவே உறைகளைக் கழற்றும்படி செய்தோம். இரவு மாத்திரைக்கு முனை மடித்த வேறொரு உறை வைத்தோம். விளக்கில்லாமலும் தடவிக் கண்டுபிடிக்கலாம். ஒரு தாத்தா, நாளைக்கு நல்ல நேரம் எப்போது என்று பார்ப்பதற்காக முதல் நாளே தாளைக் கிழித்துவிட்டார்! அதற்கு இன்றுவரை எங்களிடம் மருந்து இல்லை.

உண்மையைச் சொல்லவேண்டும். அந்தப் பொருள் சந்தைக்கு வரவில்லை. நிறுவனத்தின் திட்டங்கள் மாறியதால் வேலை பாதியில் நின்றது. ஆனால், என் அம்மா வீட்டுச் சுவரில் அந்த மாதிரி தொங்குகிறது. மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு, பிரிக்கக்கூடிய மாத்திரைகளை மட்டும் உறவுக்காரப் பையன் ஞாயிறுதோறும் நிரப்பித் தருகிறான். தினமும் காலை நான் கேட்கும் கேள்வியும் மாறிவிட்டது. முன்பு "மாத்திரை சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பேன், அவர் தடுமாறுவார். இப்போது "இன்னிக்கு உறை காலியாம்மா?" என்று கேட்கிறேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து உறுதியாகச் சொல்கிறார்.

மொழி பற்றி நமக்கென ஒரு சொல்

பல மொழிக்காரர்கள் சேர்ந்த குழுவில், நன்றாகப் பேசுபவரே நன்றாக யோசிப்பவர் என்று தோன்றிவிடும். அது பெரும் தவறு. கூட்டத்தை நடத்துபவர்கள் நான்கு விஷயங்களைக் கடைப்பிடித்தால் இது நேராது. முதலில் எழுத்து, பிறகே பேச்சு. எழுதுவது அவரவர் மொழியில் இருக்கலாம். சொல் கிடைக்காதவர் வரைந்து காட்டலாம், பொருளைக் கையிலெடுத்துத் திரைமுன் காட்டலாம். ஒருவர் பேசி முடித்தபின் ஐந்து எண்ணும்வரை அடுத்தவர் பேசக்கூடாது. அந்த ஐந்து எண்ணிக்கைக்குள்தான் தயங்குபவர் தன் சொல்லைக் கண்டுபிடிக்கிறார்.

கூட்டத்தில் கலந்துகொள்ளும் நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன். ஆங்கிலச் சொல் வரவில்லை என்பதற்காக யோசனையை விழுங்கிவிடாதீர்கள். "எங்கள் பாட்டி ஒன்று செய்வார்கள், வரைந்து காட்டுகிறேன்" என்று தொடங்குங்கள். ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த பழக்கவழக்கங்கள் மற்றவர்களிடம் இல்லாத சரக்கு.

வீட்டிலும் சங்கத்திலும்

இந்த முறை அலுவலகத்துக்கு மட்டும் உரியதல்ல. அண்ணன் சென்னையில், தங்கை நாக்பூரில், தம்பி துபாயில் என்று இருக்கும் குடும்பங்களில் அப்பாவின் சதாபிஷேகம் பற்றியோ, ஊரில் உள்ள வீட்டைப் பற்றியோ, அம்மா யாரிடம் இருப்பது என்பது பற்றியோ வாட்ஸ்அப் குழுவில் பேச்சு நடக்கிறது. அங்கும் இருவர் பேச, மற்றவர்கள் கட்டைவிரல் படம் போடுகிறார்கள். பொறுப்பைச் சுமக்கப்போகிற மருமகள் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் தம் மனத்தில் உள்ளதை எழுதி, எல்லோரும் நம்பும் ஒருவருக்குத் தனியாக அனுப்பட்டும், அவர் பெயரில்லாமல் படிக்கட்டும், பிறகு பேசட்டும். அம்மாவிடமும் ஒரு தாள் வாங்க மறக்காதீர்கள். முடிவு எதுவானாலும், "என்னை யார் கேட்டார்கள்?" என்ற மனக்குறை மிஞ்சாது.

பயிற்சி

இந்த மாதமே செய்து பார்க்க ஒரு சிறு பயிற்சி. வெவ்வேறு ஊர்களில் உள்ள மூவர் சேருங்கள். ஒருவராவது இருபது வயதுக்கு உட்பட்டவராக இருக்கட்டும். கேள்வி இது: "வாரம் ஒரு மணி நேரமே தமிழ் வகுப்புக்கு வரும் எட்டு வயதுக் குழந்தை, மற்ற ஆறு நாளும் ஐந்து நிமிடமாவது தமிழைக் கையாள நாம் என்ன செய்யலாம்?" 5 நிமிடம் திரைக்கு வெளியே எழுதுங்கள். 10 நிமிடம் படித்துத் தொகுங்கள். 5 நிமிடம் வரையுங்கள். 10 நிமிடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மொத்தம் அரை மணி. தேர்ந்தெடுத்ததை ஒரு குழந்தையிடம் ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு, நடந்ததை நம் சங்கத்துக்கு எழுதுங்கள். கைவிட்ட யோசனைகளையும் சேர்த்தே அனுப்புங்கள். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில், சுண்டல் வருவதற்கு முன்பே, அவற்றைப் படித்துக் காட்டுவதாக உறுதி சொல்கிறேன்.